சுமைதாங்கிமேட்டின் எல்லை ஸ்கார்பரோவில் இருந்தது

டொரண்டோவில் இறங்கியதிலிருந்து நான் ஒரு மேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் கமலியின் வீடு ரெக்ஸ்டேலில், பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் கண்ணுக்கு எட்டின மட்டும் ஊர் தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. தொண்ணூற்றாறாம் வருஷம் ஏப்ரல் மாதம். சாலையோரம் ஒதுக்கிவைத்த பனி அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்தது. ஒரு ஊர் என்றால் ஒரு குன்றாவது வேண்டாமா என்று கேட்டேன். வந்து ரெண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் குறை சொல்ல ஆரம்பிக்காதீர்கள் என்றாள் கமலி. குறை சொல்லவில்லை. மலையில் பிறந்தவனுக்கு இப்படிப்பட்ட இடத்தில் நிற்பது, சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாத வீட்டில் உட்காருவது மாதிரி.

நான் பிறந்தது சுமைதாங்கிமேட்டில். கம்பத்திலிருந்து மேற்கே ஏறினால், மலையின் முதுகில், நாற்பது வீடு. தலைச்சுமைக்காரர்கள் ஏலக்காய் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய கல் ஒன்று இருப்பதால் அந்தப் பெயர். எங்கள் வீட்டுக் கூரையின் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாற்றுக்குப் போகும், கிழக்குச் சரிவில் விழுவது வைகைக்குப் போகும் என்று வாத்தியார் சொல்வார். மழை பெய்தால் நான் இரண்டு பக்கமும் ஓடிப் போய்ப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த மலை ஒரு காலத்தில் பூஞ்சாற்று ராஜாவினுடையது என்பார்கள். ராஜா வெள்ளைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டார். அவன் காட்டை வெட்டித் தேயிலை போட்டான், தேயிலை பறிக்கக் கீழ்நாட்டிலிருந்து நம் சனத்தை ஏற்றினான். ஏலத்தோட்டக்காரர்கள் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தாங்களாகவே ஏறினார்கள். மேற்கேயிருந்து மலையாளத்துக் குடியானவர்கள் மரச்சீனிக் குச்சியும் மிளகுக் கொடியுமாக ஏறினார்கள். எல்லாருக்கும் முன்னால் அங்கே இருந்த மன்னான்களையும் முதுவான்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் எங்களுக்குத்தான் என்று இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். கடைசியில் அவை அந்தப் பக்கம் போயின. செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. பெரிய ஊருக்கெல்லாம் கோடு போட்டாயிற்று. எங்களை மாதிரி நாற்பது வீட்டு ஊரில் கோடு எந்த அடுப்பைத் தாண்டிப் போகிறது என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர்தான் சர்வேயர் சங்கரலிங்கம்.

ஊரில் இரண்டு வரிசை வீடு. மேல்வரிசை, கீழ்வரிசை. சங்கரலிங்கம் மேல்வரிசைக்கும் மேலே, முகட்டில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார். கல்லுக்கு மேற்கே கேரளத்துக் காப்புக்காடு, கிழக்கே நாங்கள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது, கம்பத்தில் மளிகைக் கடையில் வேலை பார்த்தேன், அவரைப் பார்த்ததில்லை. நட்ட கல்லை எங்கள் சனம் சும்மா விடுமா? மூன்றே மாதத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கல்லுச்சாமி ஆக்கிவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து ஓர் ஐப்பசி அடைமழையில் முகடு சரிந்தது. ஊரே கீழே பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியது. மழை விட்டு ஏறிவந்து பார்த்தால், மேல்வரிசைக்கும் கீழே, எங்கள் அம்மாவின் டீக்கடைக்குப் பக்கத்துச் சமதரையில் கல்லுச்சாமி நிமிர்ந்து நிற்கிறது. பிள்ளைகளைக் காக்கச் சாமி தானாக இறங்கி வந்தது என்று ஊர் கும்பிட்டது. வருஷா வருஷம் அந்த நாளில்தான் பொங்கல். என் தம்பி முருகேசன்தான் பூசாரி.

உண்மை எனக்குத் தெரியும். தூக்கிவந்தவர்களில் நானும் ஒருவன். ஊரில் காவலுக்கு இருந்த நாங்கள் நாலு பேர், சாய்ந்து கிடந்த சாமியைப் பார்க்கப் பொறுக்காமல், பட்டப்பகலில் கொட்டுகிற மழையில், மூங்கில் கட்டித் தூக்கிவந்து நல்ல இடமாகப் பார்த்து நட்டோம். சொல்வதற்குள் ஊர் கும்பிட்டுவிட்டது. மற்ற மூவரும் இன்று இல்லை.

சாமி நகர்ந்தால் எல்லையும் நகருமே என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. இப்போது வழக்கு. கல்லை வைத்துப் பார்த்தால் மேல்வரிசை முழுக்கக் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அதில் முதல் வீடு தம்பியுடையது, அம்மா இறந்த வீடு. வரைபடத்தைப் பார்த்தால் பென்சில் கோட்டின் தடிமனே நூறு அடி. அளவுப் புத்தகம் எந்த அலமாரியில் செல்லரித்ததோ தெரியவில்லை. எங்கள் வக்கீல்தான் கடைசியாக ஒன்று சொன்னார். பழைய சர்வேயர்கள் எல்லைக்கல்லுக்கு அடியில் ரகசியமாகக் குழி வெட்டி அடுப்புக்கரி போட்டு மூடுவார்களாம். கல் நகரும், கரி மக்காது, நகராது. ஆனால் சரிந்து கிடக்கும் முகட்டில் எங்கே தோண்டுவது? நட்டவரைத்தான் கேட்க வேண்டும். விசாரித்ததில் அவர் மகளோடு கனடாவில் இருந்தார். "டொரண்டோதானாம். நீங்களும் மகளைப் பாக்கப் போறீங்க. ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருங்க" என்றார் வக்கீல்.

அந்த ஒரு எட்டு எவ்வளவு தூரம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. ரெக்ஸ்டேல் ஊரின் ஒரு மூலை, ஸ்கார்பரோ மறு மூலை. பஸ், அப்புறம் சுரங்க ரயில், அப்புறம் மறுபடி பஸ். கமலி எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கடைசி பஸ்ஸில் நம்பர் சரியாகத்தான் பார்த்து ஏறினேன். திசையைப் பார்க்கவில்லை. எங்கள் மலையில் ஒரு பஸ்தான், அது ஏறும், பிறகு இறங்கும். பள்ளத்தைப் பார்த்தே எங்கே போகிறோம் என்று தெரிந்துவிடும். இங்கே எல்லா பக்கமும் சமம், நான் என்னத்தைக் கண்டேன்? முக்கால் மணி நேரம் கழித்து டிரைவர் இதுதான் கடைசி என்று சைகை காட்டி இறக்கிவிட்டார்.

குளிரில் காது விண்ணென்று வலித்தது. எதிரே தமிழில் பெயர் எழுதிய கடை ஒன்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தளத்துக்காரர் ஒருவரின் ரொட்டிக் கடை. உள்ளே இரண்டு தகடுகளால் ஒருவர் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்த சத்தம் ஏதோ கோயில் மேளம் மாதிரி இருந்தது. தொப்பி போட்ட முதலாளியை எல்லாரும் நானா என்று கூப்பிட்டார்கள், அண்ணன் என்று அர்த்தமாம், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என் காகிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, முதலில் ஒரு மட்டன் ரோலும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் வைத்தார். அப்புறம்தான் வழி சொன்னார். இப்படித் திசை மாறி வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு என்றார். அம்மாவின் டீக்கடையும் வழி தவறியவர்களால்தான் பிழைத்தது. மூடுபனியில் கேரளத்துக்குப் போக வேண்டியவன் கம்பத்துப் பாதையில் வந்து நிற்பான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கதவைத் திறந்தவர் சர்வேயரின் மருமகன் குணா. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு சென்னையில் வந்து தங்கியிருந்தபோது சர்வேயரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். "வாங்கோ அண்ணை, இருங்கோ. மாமா காலமை தொடக்கம் ஜன்னலடியிலதான் நிக்கிறார்" என்றார்.

சங்கரலிங்கத்துக்கு எழுபது வயதுக்கு மேல். ஒல்லி, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மேல்துண்டு. செங்கோட்டைக்காரர். "நான் படுக்கும்போது திருவிதாங்கூர், எந்திரிக்கும்போது மதராஸ். என் ஊரே எல்லை மாறின ஊருதான், பாத்துக்கிடும்" என்று என் கையைப் பிடித்தபடியே சொன்னார். பிடித்த கையை விடவே இல்லை. அங்கே அந்த மலையைப் பார்த்த ஆள் நாங்கள் இரண்டே பேர் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். சிவப்பரிசி மா இடியாப்பம், தேங்காய்ப்பால் சொதி, மிளகாய் இடித்த கட்டைச் சம்பல். சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. சர்வேயர் சாப்பிடவில்லை. தட்டில் இடியாப்பங்களை ஒன்றன் மேல் ஒன்றாக நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது முகடு. இங்கன சுமைதாங்கி. இதுல கீழ்வரிசை, இது மேல்வரிசை. சரியா?"

சரி என்றேன். கரண்டியால் உச்சியில் சொதியை விட்டார். ஒரு பக்கம் ஓடியதைக் காட்டி இது பெரியாறு என்றார், மறுபக்கத்தைக் காட்டி இது வைகை என்றார். வைகை மேசை விரிப்பு வரை போய்விட்டது. சாப்பாட்டில் சர்வே வேண்டாம் என்று அடுப்படியிலிருந்து மகள் சத்தம் போட்டார். நாற்பது வருஷத்தில் அவர் ஒரு வளைவைக்கூட மறக்கவில்லை. அட்டை கடிக்குப் புகையிலைத் தண்ணீர் தடவியது, முதுவான் ஒருவர் யானை வாசனை பிடித்து அவர்களை மரத்தில் ஏற்றியது, மேகம் வந்து உட்கார்ந்துகொண்டால் ஒரு கோணம் பார்க்க நாலு நாள் காத்திருந்தது, எல்லாம் சொன்னார். நான் வீட்டுக்கு வீடு பெயர் சொல்ல, அவர் ஒவ்வொரு இடியாப்பத்தையும் தொட்டுத் தொட்டுத் தலையாட்டினார். அந்த ஒரு மணி நேரம் நான் டொரண்டோவில் இல்லை.

பிறகு கல்லுக்கு அடியில் கரி போட்டது எந்த இடம் என்று கேட்டேன். அவர் கை துடைத்துக்கொண்டார்.

"அத உம்மகிட்டச் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாயிரம் மைல் வந்திருக்கிறேன் ஐயா என்றேன்.

"நீரு வழக்குக்காரரு. உமக்கு இடம் தெரிஞ்சா அது சாட்சி இல்ல. நீரே போயி ஒரு சட்டிக் கரியைப் பொதைச்சிட்டு வந்தீரு, நான் உமக்குச் சொல்லிக்குடுத்தேன்னு எதிர்க்கட்சி சொல்லுவான். தெரியாம இருக்கறதுலதான் அதுக்கு மதிப்பு. தோண்டப்போற அதிகாரிக்கு எழுதி, ஒட்டித் தாரேன். பிரிக்காமக் கொண்டு போவீரா?"

"எழுதறது எங்களுக்குச் சாதகமா இருக்குமா, அத மட்டும் சொல்லுங்க."

"அதையும் சொல்ல மாட்டேன்."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். எனக்குக் கல் இருந்த இடம் நினைவிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இடம் இருந்தால்தானே நினைவு உதவும்? பாறையும் மரமும் முகடோடு சரிந்து போய்விட்டன. தோராயமாக மேல்வரிசைக்கு மேலே என்றுதான் தெரியும். எவ்வளவு மேலே? தம்பி வீட்டுப் பின்சுவர் இந்தப் பக்கம் வருமா, அந்தப் பக்கமா? அவர் எழுதுகிற ஒரு வரியில் மேல்வரிசை நிற்கும், அல்லது போகும். அதை என் பையிலேயே வைத்துக்கொண்டு நான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அவர் பின்னாலேயே வந்து நின்றார். அடுத்த கேள்வி அதைவிட மோசமாக இருந்தது. "அந்தக் கல்லு எப்படிக் கீழ வந்துச்சு? சரிவுல உருண்ட கல்லு நிமிந்து நிக்காதுவே. ஆரு தூக்குனா?" என்றார்.

இருபத்தெட்டு வருஷம் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடும், இரண்டும் ஒரே உறையில் போகட்டும், அது இல்லாமல் என் கடிதத்துக்குப் பலம் இல்லை என்றார். கல் இருக்கும் இடம் பொய் என்று யாராவது சொன்னால்தானே வேறு இடத்தைத் தோண்டுவார்கள்? நான் முடியாது என்றேன். தம்பி அந்தச் சாமியை வைத்துத்தான் வாழ்கிறான், சோற்றுக்காக அல்ல, அவனுக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். ஊர் என் முகத்தில் விழிக்காது. யோசித்துவிட்டு வாரும் என்று அனுப்பிவைத்தார்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. குணா வேனில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். இந்த ஊரில் மேடு இல்லை என்று புலம்பிய எனக்கு ஓர் இடம் காட்ட வேண்டும் என்று மாமா சொல்கிறாராம். ஸ்கார்பரோவின் தெற்கு விளிம்பில் ஏரிக்கரை. ஏரி என்கிறார்கள், எனக்குக் கடலாகத்தான் தெரிந்தது. அதன் மேல் வெளுத்த மண் மலை செங்குத்தாக நிற்கிறது. கீழே பார்த்ததும் காலில் பழைய கூச்சம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. சர்வேயர் மாசத்துக்கு ஒருமுறை இங்கே வந்து நிற்பாராம்.

"எனக்கு இங்க வந்தாத்தான் மூச்சு விட்டாப்புல இருக்கு" என்றார். ஓரத்து வீடுகளின் பின்பக்கத்தைக் காட்டி, மண் கரைந்து கரைந்து இவர்களின் தோட்டம் வருஷா வருஷம் ஏரிக்குள் போகிறது என்றார். பத்திரத்தில் இருக்கிற நிலம் தண்ணீருக்குள் கிடக்கிறது. எவ்வளவு காசுக்காரனானாலும் மண் கேட்டுக்கொண்டு நிற்காது போல.

குணா ஏரியைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கட வளவில வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதெண்டு அப்பாவும் சித்தப்பாவும் பதினைஞ்சு வருசம் கதைக்கேல்லை அண்ணை. கோர்ட்டுக்கும் போனவை. போன வருசம் சண்டைக்குள்ள ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இடம்பெயர்ந்தவை. இப்ப அங்க வேலியும் இல்லை, வீடும் இல்லை. எங்கட கதியாலுக்குக் கீழயும் ஆரும் கரி போட்டு வைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்." வீட்டுமனையை வளவு என்றும், வேலிக்கு நடுகிற குச்சியைக் கதியால் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு என் வழக்கு ரொம்பச் சின்னதாகவும், அதனாலேயே எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டியதாகவும் தோன்றியது.

அங்கிருந்து ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். வேன் இல்லாமல் போக முடியாத தூரம். சாமி கும்பிடக்கூட இந்த ஊரில் லைசென்ஸ் வேண்டும் என்றேன், குணா சிரித்தார். கோயில் வாசலில் நூறு ஜோடி பனிச் செருப்பு. உள்ளே கதகதப்பு, கற்பூரம், பட்டுச் சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு. பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டு தமிழில் தேவாரம் சொன்னார்கள். அன்னதானத்தில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பு எங்கள் ஊர் ருசி இல்லை, ஆனாலும் இரண்டு தரம் வாங்கினேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் யோசனை என்ன ஆயிற்று என்று சர்வேயர் கேட்டார். சாமியைத் தூக்கிவந்தேன் என்று எழுதினால் அது சாமி இல்லை என்று எழுதின மாதிரி ஆகுமே ஐயா என்றேன். குணா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அண்ணை, இஞ்ச இருக்கிற சாமியள் எல்லாம் இந்தியாவில செய்து கப்பல்ல வந்தவை. பெட்டிக்குள்ள வைக்கல் அடைஞ்சு, ஆணி அடிச்சு வந்தவை. துறைமுகத்தில ஒப்பிசர் பெட்டியைத் திறந்து என்ன சாமானெண்டு கேட்டிருப்பான். வந்த இடத்தில சாமி இல்லையெண்டு ஆரும் சொன்னவையே? உங்கட ஆள் முன்னூறு அடிதானே வந்தவர்."

சர்வேயர் பக்கென்று சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மூலஸ்தானத்தில் பிள்ளையார் ஒரு சங்கடமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் எங்கேயிருந்தோ தூக்கி நடப்பட்டவர்கள்தான், அவர்களுக்குத் துணையாகச் சாமியும் வந்திருக்கிறது. எழுதுகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை ஸ்கார்பரோவில், ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில், தமிழ் நோட்டரி ஒருவரின் அறைக்குப் போனோம். நான் அபிடவிட் என்றேன், குணா சத்தியக் கடதாசி என்றார். அந்தப் பெயர்தான் பொருத்தம் என்று தோன்றியது. நான் எழுதியதை நோட்டரி சத்தமாகப் படித்துக் காட்டினார். மூங்கில், கயிறு, மழை, நாலு பேர் பெயர். கையெழுத்துப் போட்டேன். சர்வேயர் தனியாக ஒரு மேசையில் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினார். இரண்டு காகிதமும் உறைக்குள் போயின. நோட்டரி அரக்கு வைத்தார்.

பஸ் நிறுத்தம் வரை சர்வேயர் நடந்தே வந்தார். இந்தத் தடவை திசையை அவரே பார்த்துக் காட்டினார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் சொன்னார்.

"ஒண்ணு சொல்லலாம், அது சாட்சியைக் கெடுக்காது. அன்னைக்கு எங்ககிட்டக் கரி தீந்துபோச்சு. முகட்டுல கல்லு தயாரா நிக்கி, குழி தயாரா இருக்கு, கரி இல்ல. டீக்கடையில ஒரு அம்மா அடுப்பை அணைச்சு, சுடச்சுட ஒரு சட்டி அள்ளித் தந்தா. எதுக்குன்னு கேக்கல. கீழ விழுந்துராமப் பாத்து ஏறுங்கன்னு மட்டும் சொன்னா."

சுமைதாங்கிமேட்டில் இருந்தது ஒரே டீக்கடை. பஸ் வந்துவிட்டது. நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன், அவர் என் தோளைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் இன்னும் கையை நீட்டித் திசை காட்டிக்கொண்டே நின்றார்.

மிச்ச நாட்களில் கமலி என்னை நயாகராவுக்குக் கூட்டிப்போனாள். அருவிக்கு நடுவில் இரண்டு நாட்டு எல்லை ஓடுகிறதாம். தண்ணீரில் கோடு தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். உறை என் உள்சட்டைப் பையில் இருந்தது. விமானத்தில் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். அரக்கைத் தடவினேன். பிரிக்கவில்லை, அம்மா சத்தியமாகப் பிரிக்கவில்லை.

ஊர் வந்து பத்தாம் நாள் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து ஏறிவந்தார்கள். கல்லுச்சாமி முன்னால் ஊரே கூடியிருந்தது. உறையைப் பிரித்த அதிகாரி முதலில் என் காகிதத்தைத்தான் படித்தார். நாலாவது பெயராக என் பெயர் வந்ததும் ஒரு பெண் "அடப் பாவி" என்றாள். முருகேசன் என்னைப் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டான்.

பிறகு சர்வேயரின் காகிதம். சுமைதாங்கியிலிருந்து இந்தத் திசையில் இத்தனை சங்கிலி என்று இரண்டே வரி. அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு போனார்கள். மேல்வரிசையை நெருங்கினார்கள். தம்பி வீட்டு முற்றம் வந்தது. தாண்டினார்கள். பின்சுவர் வந்தது, தாண்டினார்கள். மாட்டுக் கொட்டகையையும் தாண்டி, சரிவில் இருபது எட்டு ஏறிப்போய் நின்று, இங்கே தோண்டு என்றார்கள். சரிந்த மண் இடுப்பளவு இருந்தது. அதற்குக் கீழே ஒரு மண்சட்டியின் விளிம்பு, வாய் நிறையக் கரி. மேல்வரிசை முழுக்க இந்தப் பக்கம்.

அம்மா போய் இருபது வருஷம். அவள் அணைத்த அடுப்பின் கரி வெயிலில் கறுப்பாக மின்னியது. நான் எல்லார் முன்னாலும் அழுதேன். ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அது சாட்சி, எடுக்கக் கூடாது என்றார் அதிகாரி. சர்வேயரும் அதைத்தான் சொல்லியிருப்பார். கரியை அப்படியே மூடி, அதன் மேல் புதுக் கல் ஒன்று நட்டுவிட்டு இறங்கினார்கள்.

அன்று முழுக்கத் தம்பி என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் முகட்டுக்கு ஏறிப் போனேன். புதுக் கல்லில் மஞ்சள் பூசியிருந்தது. முருகேசன் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"வர மனசில்லாத சாமிய நாலு பேரால தூக்க முடியுமாண்ணே? அது வரணும்னு நெனச்சுச்சு, உங்களத் தூக்க வச்சுச்சு."

ஆமாம் என்றேன். அவன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இதையாச்சும் தூக்காம இருங்க."